சார்லஸ் டெய்லரும் என் மச்சினனும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டு நானும் ஊரிலிருந்து வந்திருந்த மச்சினனும் டிவி முன்னால் சாய்ந்திருந்தோம். ஏதோ ஒரு சேனலில் 'ப்ளட் டைமண்ட்' ஓடிக்கொண்டிருந்தது. 2006-ல் வந்த படம். டிகாப்ரியோ வைரக் கடத்தல்காரனா வருவாரே, அதேதான். சியரா லியோனில் உள்நாட்டுப் போர் நடந்த 1999-ல் நடக்கிற கதை. ஆரம்பத்திலேயே ஒரு கிராமத்துக்குள் கலகக்காரர்கள் புகுந்து, வரிசையில் நிற்க வைத்துக் கையை வெட்டுகிற காட்சி வரும். அதுவரைக்கும் பாதித் தூக்கத்தில் இருந்த மச்சினன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"இது நிஜமாவே நடந்துச்சா மாமா?"

"நடந்துச்சுடா. படத்துல கொஞ்சம்தான் காட்டியிருக்கான்."

"செஞ்சவனுங்களை என்ன பண்ணாங்க?"

"சில பேரைக் கோர்ட்டுல நிறுத்தி உள்ள போட்டாங்க. பின்னாடி இருந்து ஆயுதம் கொடுத்த பக்கத்து நாட்டு ஜனாதிபதிக்கு 50 வருஷம் ஜெயில். இப்ப இங்கிலாந்துல கம்பி எண்ணிட்டு இருக்காரு."

பையன் அசந்துவிடுவான் என்று நினைத்தேன். சிரித்தான். "ஆப்பிரிக்காக்காரன்னா பிடிச்சு உள்ள போடுவானுங்க. ஈராக்குல குண்டு போட்டவனைப் போடுவானா? எல்லாம் கண்துடைப்பு மாமா. இதுக்கு அந்தாளை அன்னிக்கே சுட்டுத் தள்ளியிருக்கலாம். இல்லைன்னா சும்மா விட்டிருக்கலாம்." சொல்லிவிட்டு மறுபடி படத்துக்குள் போய்விட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் சொன்னதில் பாதி சரி என்பதுதான் பிரச்சனை. ஒரு வாரமா மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததை இங்கே கொட்டிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

யார் இந்த டெய்லர்?

சார்லஸ் டெய்லர், 1948-ல் லைபீரியாவில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்தார். திரும்பி வந்து லைபீரிய அரசாங்கத்தில் கொள்முதல் துறையில் பெரிய பதவி. கிட்டத்தட்ட 9 லட்சம் டாலர் சுருட்டினார் என்று குற்றச்சாட்டு வந்ததும் அமெரிக்காவுக்கு ஓட்டம். அங்கே பிடித்து மாசசூசெட்ஸில் ஒரு ஜெயிலில் வைத்தார்கள். 1985-ல் அங்கிருந்தும் தப்பினார். மனுஷன் வாழ்க்கையே மசாலாப்படம் மாதிரி இருக்கும்.

1989 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஐவரி கோஸ்ட் எல்லை வழியா ஒரு சின்னப் படையோடு லைபீரியாவுக்குள் நுழைந்தார். அடுத்த 7 வருஷம் நாடே சுடுகாடு. 14 வருஷ காலத்தில் நடந்த இரண்டு உள்நாட்டுப் போர்களில் செத்தவர்கள் சுமார் 2,50,000 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் 1997-ல் தேர்தல் நடந்து, டெய்லர் 75 சதவீத ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆனார்! அவர் என் அப்பனைக் கொன்றவர், அம்மாவைக் கொன்றவர், ஆனாலும் ஓட்டு அவருக்குத்தான் என்கிற அர்த்தத்தில் அங்கே இளைஞர்கள் கோஷம் போட்டார்களாம். தோற்றால் மறுபடி துப்பாக்கியைத் தூக்குவார், ஜெயிக்க விட்டால் நிம்மதியா இருக்கலாம் என்ற கணக்கு. ஆனால் நிம்மதி வரவில்லை.

இது அவருடைய சொந்த ஊர்க் கதை. கேஸ் நடந்தது இதற்கு இல்லை. பக்கத்து நாடான சியரா லியோனில் நடந்ததற்கு.

1991 மார்ச்சில் ஃபோடே சங்கோ என்பவருடைய ஆர்.யூ.எஃப். என்ற கலகப்படை லைபீரியாவிலிருந்து சியரா லியோனுக்குள் நுழைந்தது. 11 வருஷம் போர். கிழக்கே வைர வயல்கள். வைரம் லைபீரியா வழியா வெளியே போகும், ஆயுதம் அதே வழியா உள்ளே வரும். இந்தப் படை மக்களை அடக்க வைத்திருந்த வழிதான் கையை வெட்டுவது. வெட்டுவதற்கு முன்னால் "அரைக்கையா, முழுக்கையா?" என்று கேட்பார்களாம். அரைக்கை என்றால் முழங்கைக்கு மேலே, முழுக்கை என்றால் மணிக்கட்டில். நாம தையல்காரரிடம் சட்டைக்குச் சொல்கிற அதே வார்த்தைகள். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிற்க.

மன்னிச்சு விட்டா சமாதானம் வருமா?

"சும்மா விட்டிருக்கலாம்" என்று மச்சினன் சொன்னானே, முதலில் அதை எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் சும்மா விட்டுப் பார்த்தார்கள். நிஜமாகவே.

1999 ஜனவரியில் கலகப்படை தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அரசாங்கத்துக்குத் தெம்பில்லை. உலக நாடுகளுக்கு அக்கறையில்லை. அதே வருஷம் ஜூலை 7, டோகோ நாட்டில் லோமே என்ற ஊரில் சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். அதில் என்ன தெரியுமா? எல்லாருக்கும் முழுப் பொதுமன்னிப்பு. அது மட்டுமில்லை, சங்கோவுக்குத் துணை ஜனாதிபதி அந்தஸ்து. அதோடு வைரம் உள்ளிட்ட கனிமங்களைக் கவனிக்கிற கமிஷனுக்கு அவரே தலைவர்! திருடன் கையில் சாவி என்பார்களே, இங்கே வீட்டுப் பத்திரத்தையே சேர்த்துக் கொடுத்தார்கள்.

சமாதானம் வந்ததா? ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2000 மே மாதம் ஆர்.யூ.எஃப். ஐ.நா. அமைதிப்படையினர் சுமார் 500 பேரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தது. நம்ம ஊர்ப் பத்திரிகைகளிலும் அப்போது வந்த செய்திதான், பலருக்கு மறந்திருக்கும். ஐ.நா. படைக்குத் தளபதியாக இருந்தவரே ஓர் இந்தியர், மேஜர் ஜெனரல் விஜய் ஜெட்லி. கைலாஹுன் என்ற ஊரில் 200-க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகையில் கிடந்தார்கள். அந்த ஜூலையில் 'ஆபரேஷன் குக்ரி' நடத்தித்தான் அவர்களை மீட்டார்கள். பொதுமன்னிப்பு கையெழுத்தாகிச் சரியா ஒரு வருஷம்.

"இப்போதைக்கு நியாயத்தைத் தள்ளி வை, சமாதானம் முக்கியம்" என்று யாராவது சொன்னால் எனக்கு லோமேதான் ஞாபகம் வரும். எல்லா இடத்திலும் மன்னிப்பு தோற்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொலைகாரனுக்குப் பதவி கொடுத்து வாங்குகிற சமாதானத்தின் ஆயுள், அவனுக்கு அடுத்த லாபம் கண்ணில் படும் வரைக்கும்தான்.

இதற்குப் பிறகுதான் சியரா லியோன் அரசாங்கமே ஐ.நா.விடம் கோர்ட் கேட்டது. 2002 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி சிறப்பு நீதிமன்றம் வந்தது. உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் கலந்த கோர்ட். ஃப்ரீடவுனிலேயே கட்டடம் கட்டி நடத்தினார்கள். யாரோ எங்கிருந்தோ வந்து திணித்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பதவியில் இருக்கும்போதே குற்றப்பத்திரிகை

2003 ஜூன் 4. லைபீரியாவில் மறுபடி போர் முற்றி, டெய்லர் சமாதானப் பேச்சுக்காக கானாவின் தலைநகர் அக்ராவில் இருக்கிறார். அன்றைக்குப் பார்த்து அவர் மேல் ஏற்கெனவே ரகசியமாகப் போட்டு வைத்திருந்த குற்றப்பத்திரிகையை அரசுத்தரப்பு வழக்கறிஞர் டேவிட் கிரேன் வெளியிட்டார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி மேல்! விருந்துக்குக் கூப்பிட்ட கானாவுக்குத் தர்மசங்கடம். கைது செய்யாமல் பிளேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதற்கு அப்போது ஏகப்பட்ட திட்டு. பேச்சுவார்த்தை நடக்கிற வீட்டில் போய் வாரண்ட்டை நீட்டுவதா என்று. அந்தத் திட்டில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கப்புறமும் மன்ரோவியாவில் இரண்டு மாதம் ஷெல்லடி, நிறைய சாமானியர்கள் செத்தார்கள். ஆனால் குற்றப்பத்திரிகை வந்த பின்னால் டெய்லரோடு உட்கார்ந்து எதிர்காலம் பேச யாருக்கும் மனசு வரவில்லை. கலகக்காரர்கள் ஊர் எல்லையில், அமெரிக்கா போ என்கிறது, இந்தப் பக்கம் வாரண்ட். ஆகஸ்ட் 11 ராஜினாமா செய்துவிட்டு நைஜீரியாவுக்குப் போனார். ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 18, அதே அக்ராவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தம் நிலைத்தது. லைபீரியாவில் அதற்கப்புறம் போர் இல்லை. வாரண்ட் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாரண்ட் போட்டால் சமாதானம் கெட்டுவிடும் என்பவர்கள் இந்த ஆகஸ்டைத் தாண்டித்தான் வாதாட வேண்டும்.

அடுத்த சிக்கல்தான் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. நைஜீரிய ஜனாதிபதி ஒபசாஞ்சோ அவருக்கு அடைக்கலம் கொடுத்துத்தான் கூப்பிட்டார். கலபார் என்ற கடலோர ஊரில் பங்களா. 2006-ல் லைபீரியாவின் புது ஜனாதிபதி எல்லன் ஜான்சன் சர்லீஃப், ஆளை ஒப்படையுங்கள் என்று கேட்டார். நைஜீரியா சரி என்றதும் டெய்லர் ஆளைக் காணோம்! மார்ச் 29 அன்று கேமரூன் எல்லையில், தூதரக நம்பர் பிளேட் போட்ட காரில் போகும்போது மாட்டினார்.

கொடுத்த வாக்கை மீறினார்கள் என்பது ஒரு குறை. இதைப் பார்க்கிற அடுத்த சர்வாதிகாரி, "இறங்கினா உள்ள போட்டுடுவானுங்க, கடைசி ஆள் சாகிறவரைக்கும் நாற்காலியை விடக்கூடாது" என்றுதானே நினைப்பான்? நல்ல கேள்வி. என் பதில் இவ்வளவுதான்: வாரண்ட் இல்லாத காலத்திலும் அவர்கள் தானா இறங்கியதில்லை. அடைக்கலம் என்பது ஓர் ஆட்சித்தலைவர் இன்னோர் ஆட்சித்தலைவருக்குக் கொடுக்கிற சலுகை. கை போனவனைக் கேட்டுக் கொடுத்ததில்லை. அவன் சார்பில் மன்னிக்க ஒபசாஞ்சோவுக்கு யார் உரிமை கொடுத்தது?

"சுட்டுத் தள்ளியிருக்கலாம்" என்பவர்களுக்கு

விசாரணையை ஃப்ரீடவுனில் வைத்தால் கலவரம் வரும் என்று பயந்து ஹேக் நகருக்கு மாற்றினார்கள். தண்டனை கொடுத்தால் எங்கள் ஜெயிலில் வைத்துக்கொள்கிறோம் என்று இங்கிலாந்து முன்கூட்டியே வாக்குக் கொடுத்தது. 2007 ஜூன் 4 ஆரம்பம். தீர்ப்பு 2012 ஏப்ரல் 26. கிட்டத்தட்ட 5 வருஷம். அரசுத்தரப்பில் 90-க்கும் மேற்பட்ட சாட்சிகள். டெய்லரே கூண்டில் ஏறிப் பல மாதம் சாட்சி சொன்னார். நடுவில் 2010 ஆகஸ்டில் மாடல் அழகி நவோமி கேம்ப்பெல் வந்து, 1997-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு விருந்துக்கு அப்புறம் ராத்திரி யாரோ கதவைத் தட்டி அழுக்கான சின்னக் கற்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சொன்னதுதான் உலகம் பூராவும் செய்தி. கை போனவர்கள் வந்து சாட்சி சொன்ன அன்றைக்கு இவ்வளவு கேமரா வரவில்லை :-(

ஏன் இவ்வளவு இழுத்தது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கையை வெட்டினவன் மேல் கேஸ் போடுவது சுலபம். பார்த்த சாட்சி இருக்கும். ஆனால் டெய்லர், போர் நடக்கிற இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, மன்ரோவியாவில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தவர். "அவங்க செஞ்சாங்க, எனக்கு என்ன சம்பந்தம்?" என்பதுதான் அவர் கட்சி. எல்லாப் போர்க்காலத் தலைவருக்கும் இதே கட்சிதான். ஆக, தலைவனையும் அரிவாளையும் இணைக்கிற கயிறு எது என்று கோர்ட்டுக்குக் காட்ட வேண்டும். வயர்லெஸ் ஆபரேட்டர்கள், முன்னாள் மெய்க்காவலர்கள், ஆயுதம் ஏற்றி வந்தவர்கள் என்று ஒவ்வொருத்தரா வந்துதான் அந்தக் கயிற்றைத் திரித்தார்கள்.

2,500 பக்கத்துக்கு மேல் தீர்ப்பு. 11 குற்றச்சாட்டிலும் குற்றவாளி. ஆனால் எப்படிக் குற்றவாளி என்பதைப் பாருங்கள். அந்தப் படைக்கு இவர்தான் தளபதி என்று அரசுத்தரப்பு சொன்னதை நீதிபதிகள் ஏற்கவில்லை. கூட்டுச் சதி என்று சொன்னதையும் ஏற்கவில்லை. தெரிந்தே உதவினார், உடந்தையாக இருந்தார், சில தாக்குதல்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார், இதுதான் நிரூபணம் ஆச்சு என்றார்கள். அரசுத்தரப்பு 80 வருஷம் கேட்டது, மே 30 அன்று 50 வருஷம் கொடுத்தார்கள். 2013 செப்டம்பரில் அப்பீலிலும் அது உறுதியானது.

கண்துடைப்புக் கோர்ட் இப்படியா செய்யும்? கண்துடைப்பு என்றால் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டு அரை மணி நேரத்தில் முடித்திருக்கும். சுட்டுத் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருடைய ஆட்கள் ஒரு தியாகி சமாதி கட்டியிருப்பார்கள். என்ன நடந்தது என்பதற்குக் காகிதம் இருந்திருக்காது. இப்போது "அப்படியெல்லாம் நடக்கவே இல்லை" என்று யாராவது சொன்னால், ஊரும் தேதியும் போட்ட 2,500 பக்கத்தை எடுத்து மேஜையில் வைக்கலாம்.

நேர்மாறான உதாரணம் யூகோஸ்லாவியாவின் மிலோசெவிச். அவருக்கும் 1999-ல் பதவியில் இருக்கும்போதே குற்றப்பத்திரிகை. 2001-ல் ஹேக்குக்கு அனுப்பினார்கள். 2002-ல் ஆரம்பித்த வழக்கு 4 வருஷம் இழுத்து, 2006 மார்ச் 11 அன்று சிறையறையில் மாரடைப்பில் போய்விட்டார். தீர்ப்பே இல்லை! இன்றைக்கும் ஆளாளுக்கு ஒன்று பேசலாம். தாமதம் என்ன செய்யும் என்பதற்கு அதுதான் சாட்சி. சர்வதேச நீதிமன்ற ஆதரவாளர்கள் (நான் உட்பட) வெட்கப்பட வேண்டிய இடம்.

ஜெயிச்சவன் நியாயம்?

"தோத்தவனைத்தானே பிடிக்கிறீங்க?" இது அடுத்த கேள்வி. சியரா லியோன் கோர்ட் இதில் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றியது. ஆர்.யூ.எஃப்.பை எதிர்த்து அரசாங்கத்துக்காகச் சண்டை போட்ட ஊர்க்காவல் படைக்குத் தலைவர் சாம் ஹிங்கா நார்மன். பாதி நாட்டுக்கு அவர் ஹீரோ. 2003 மார்ச்சில் கைது செய்தபோது அவர் உள்துறை அமைச்சர்! ஜெயித்த பக்கத்து மந்திரியையே தூக்கிக் கூண்டில் நிறுத்தினார்கள், அவர் படையும் கொலைகள் செய்தது என்பதற்காக. மக்களில் நிறையப் பேர் கோபப்பட்டார்கள். தீர்ப்பு வருவதற்குள் 2007-ல் அவர் இறந்துவிட்டார். கூட இருந்த இரண்டு பேருக்குத் தண்டனை கிடைத்தது. அவருக்கு மேலே இருந்த ஜனாதிபதியைத் தொடவில்லை என்பதும் உண்மை. ஆக, முக்கால் மார்க் போடலாம்.

ஆனால் மச்சினன் கேட்டது அதுக்கும் மேலே. பெரிய நாடுகள்.

இங்கே நான் தோற்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். 1999-ல் நேட்டோ யூகோஸ்லாவியா மேல் போட்ட குண்டுகள் பற்றி, விசாரணை ஆரம்பிக்கவே முகாந்திரம் இல்லை என்று அதே ஹேக் தீர்ப்பாயத்தின் வழக்கறிஞர் 2000-ல் மூடிவிட்டார். ஈராக்கில் பிரிட்டிஷ் படையினர் போர்க்குற்றம் செய்தார்கள் என்று நம்ப இடமிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, 2020 டிசம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், அதாவது ஐ.சி.சி., விசாரணை இல்லை என்று முடித்தது. அந்தக் கோர்ட்டை உருவாக்கிய ரோம் சாசனத்தை 1998-ல் 120 நாடு ஆதரித்தது, 7 நாடு எதிர்த்தது, 21 நாடு ஓட்டுப் போடவில்லை. அமெரிக்கா எதிர்த்த கூட்டத்தில், இந்தியா ஓட்டுப் போடாத கூட்டத்தில். 2002-ல் அமெரிக்கா ஒரு சட்டமே போட்டது. தன் ஆட்களை இந்தக் கோர்ட் பிடித்து வைத்தால், மீட்க எந்த வழியையும் ஜனாதிபதி பயன்படுத்தலாம் என்று. 'ஹேக் படையெடுப்புச் சட்டம்' என்று அதற்குக் கிண்டல் பெயர்.

2016 வரைக்கும் ஐ.சி.சி. முழு விசாரணை ஆரம்பித்தது எல்லாமே ஆப்பிரிக்காவில்தான். அதிலும் வெற்றி குறைவு. சூடானின் அல் பஷீர் மேல் 2009-ல் வாரண்ட். மனுஷன் அதற்கப்புறமும் நாடு நாடாகப் போய்க் கைகுலுக்கினார். கென்யாவின் கென்யாட்டா மேல் போட்ட கேஸை 2014-ல் வாபஸ் வாங்கினார்கள். ஐவரி கோஸ்ட்டின் பாக்போவுக்கு 2019-ல் விடுதலை.

பிறகு 2023 மார்ச்சில் புதின் மேல் வாரண்ட் வந்தது, உக்ரைன் குழந்தைகளைக் கொண்டுபோனதற்காக. அமெரிக்கா கைதட்டியது. 2024 நவம்பரில் காசா விஷயமாக நெதன்யாகு மேல் வாரண்ட் வந்தது. அதே அமெரிக்கா கொதித்தது, 2025-ல் கோர்ட் மேலேயே பொருளாதாரத் தடை போட்டது. புதின் 2024-ல் உறுப்பு நாடான மங்கோலியாவுக்குப் போய் வந்தார், கைது இல்லை. நெதன்யாகு 2025-ல் உறுப்பு நாடான ஹங்கேரிக்குப் போனார், கைது இல்லை. ஹங்கேரி கோர்ட்டை விட்டே விலகுவதாக அறிவித்தது.

இதெல்லாம் தெரிந்தும் எதற்கு இந்தக் கோர்ட்டுக்கு வக்காலத்து? ஒரு சின்ன உதாரணம். சிக்னலில் போலீஸ்காரர் ஹெல்மெட் போடாத நம்மை நிறுத்துகிறார், கொடி கட்டின காரை விட்டுவிடுகிறார். வயிறு எரிகிறது. அதற்காக சிக்னலைப் பிடுங்கி எறியச் சொல்வோமா? கொடி கட்டின காரையும் நிறுத்தச் சொல்லித்தானே சண்டை போடுவோம்? "எல்லாரையும் பிடிக்க முடியலைன்னா யாரையும் பிடிக்காதே" என்ற வாதம் கேட்க நியாயமா இருக்கும். ஆனால் அதனால் லாபம் டெய்லருக்குத்தான், கை போன விவசாயிக்கு இல்லை. புஷ் தப்பித்தார் என்பதால் அவனுக்குக் கிடைத்த நியாயத்தை அவனிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை.

உதாரணம் முழுசாப் பொருந்தாது என்பதும் தெரியும். சிக்னல் போலீஸுக்குச் சம்பளம் கொடுக்கிற அரசாங்கம் ஒன்று இருக்கிறது. ஐ.சி.சி.க்கு ஒரு கான்ஸ்டபிள்கூடக் கிடையாது. உறுப்பு நாடுகள் பிடித்துக் கொடுத்தால் உண்டு.

நிஜமான குறை எது?

என்னைக் கேட்டால் டெய்லர் வழக்கின் பெரிய குறை அவர் ஆப்பிரிக்கர் என்பதில் இல்லை. லைபீரியாவில் அவர் செய்ததற்கு ஒரு கேஸ்கூட இல்லை என்பதில் இருக்கிறது. 50 வருஷமும் சியரா லியோனுக்காக. அவருக்கு ஓட்டுப் போட்டார்களே அந்த அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளைகள், அவர்களுக்குப் பதில் சொல்ல எந்தக் கோர்ட்டும் கூப்பிடவில்லை. அவருடைய மகன் மேல் அமெரிக்காவில் சித்திரவதை வழக்கு நடந்து 2009-ல் 97 வருஷம் கொடுத்தார்கள், அமெரிக்கக் குடிமகன் என்பதால். லைபீரியாவில்? பிரின்ஸ் ஜான்சன் என்ற இன்னொரு படைத்தலைவர், 1990-ல் ஜனாதிபதியாக இருந்தவரைப் பிடித்துச் சித்திரவதை செய்ததை வீடியோவே எடுத்தவர், பல வருஷம் செனட்டராக இருந்து 2024-ல் கண்ணை மூடினார். உண்மை கண்டறியும் ஆணையம் 2009-லேயே சிறப்புக் கோர்ட் வேண்டும் என்று சொன்னது. அதற்கு அலுவலகம் அமைக்க ஜனாதிபதி கையெழுத்துப் போட்டது 2024 மே மாதம். 15 வருஷம்!

இதைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு மனசு எங்கே போகும் என்று தெரியும். எனக்கும் 2009 மே, முள்ளிவாய்க்கால்தான். இலங்கை ரோம் சாசனத்தில் இல்லை. பாதுகாப்பு சபை அனுப்பினால்தான் ஐ.சி.சி. தொட முடியும், அங்கே வீட்டோ. 2015-ல் ஜெனீவாவில் வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கெடுக்கும் விசாரணைக்கு இலங்கையே ஒப்புக்கொண்டு, 2020-ல் விலகிக்கொண்டது. 2021-லிருந்து ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சாட்சியங்களைச் சேர்த்து வைக்கிறது. காகிதம் சேர்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்குச் சாட் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஹிஸ்ஸேன் ஹப்ரே, 1982 முதல் 1990 வரை சாட் நாட்டுச் சர்வாதிகாரி. துரத்தியதும் செனகலில் போய் சொகுசாக உட்கார்ந்துவிட்டார். அவர் ஜெயிலில் இரண்டு வருஷத்துக்கு மேல் கிடந்து உயிர் பிழைத்தவர் சுலேமான் குவெங்கெங், ஒரு சாதாரணக் கணக்குப்பிள்ளை. வெளியே வந்ததும் பாதிக்கப்பட்டவர்களைத் தேடித் தேடி 792 பேருடைய வாக்குமூலத்தை எழுதி வாங்கினார். மிரட்டல் வந்ததும் வீட்டில் ஒளித்து வைத்தார். அந்தத் தாள்களோடு அவர்கள் செனகலுக்குப் போனார்கள், பெல்ஜியத்துக்குப் போனார்கள். ஒரு கோர்ட் தள்ளினால் அடுத்த கோர்ட். 2012-ல் சர்வதேச நீதிமன்றமே செனகலைப் பார்த்து, வழக்கு நடத்து, இல்லை ஆளை ஒப்படை என்றது. கடைசியில் செனகலில், ஆப்பிரிக்க நீதிபதிகள் முன்னால், 2016 மே 30 அன்று ஹப்ரேவுக்கு ஆயுள் தண்டனை. பதவி போய் 26 வருஷம் கழித்து. 2021-ல் கைதியாகவே செத்தார்.

இதில் எந்தப் பெரிய நாடும் முன்னால் நின்று நடத்தவில்லை. கணக்கு எழுதத் தெரிந்த ஒரு மனுஷன் தாளில் எழுதி வைத்ததில் ஆரம்பித்தது.

நேற்று ராத்திரி மச்சினனுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா, அந்தக் கை போனவங்களுக்கு டெய்லர் சொத்துல இருந்து ஏதாவது கொடுத்தாங்களா?" என்றான். இல்லை என்றேன். அவர் பதுக்கியதாகச் சொல்லப்படுகிற பணம் கண்டுபிடிக்கப்படவே இல்லை. "பாத்தீங்களா" என்று வைத்துவிட்டான்.

அவன் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், அவனுக்கு ஃபார்வேர்டு பண்ணிவிடுகிறேன்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. சட்டம் படித்த நண்பர்கள் யாராவது பிழை கண்டால் குட்டலாம், திருத்திக்கொள்கிறேன். "அப்போ அவனை ஏன் சொல்லலை, இவனை ஏன் சொல்லலை" என்று வருகிறவர்கள், அவனைப் பற்றி நீங்களே ஒரு பதிவு போடுங்கள். நிச்சயம் வந்து படிப்பேன் :-)